பட்டையும் புள்ளியும் பிழைக்கோடும்

எண்கள் உண்மையை உரைப்பன. ஆயினும் அவை உரத்துப் பேசுவதில்லை. ஒரு தாளில் முப்பது எண்களை வரிசையாக எழுதி ஒருவன் கையில் கொடுத்தால், அவற்றுள் பெரியது எது, சிறியது எது என்று தேடுவதிலேயே அவன் களைத்துப் போவான். அவ்வெண்களையே கோடுகளாகவும் புள்ளிகளாகவும் வரைந்து காட்டினால், தேடாமலே பல செய்திகள் அவன் கண்ணில் படும். ஆதலின், அறிவியல் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் எண்கள் படமாக வரையப்பெறுகின்றன. ஆனால், ஒரு செய்தியை மறவாதீர். எண்ணைக் கண்ணுக்குக் காட்டும் படமே, சில வேளைகளில் எண்ணை நம் கண்ணுக்கு மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுவதுண்டு. அஃது எவ்வாறு என்பதை ஓர் அறிஞர் வளர்த்த முப்பது மக்காச்சோளச் செடிகளைக் கொண்டு இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண், நாம் பதிவு செய்யும் செய்திகள் இருதிறப்படும் என்பதை அறிதல் வேண்டும். உயரம், எடை, வயது போல்வன அளவுகள். பத்து வயதிற்கும் பதினொரு வயதிற்கும் இடையே பத்தரை வயது உண்டு. அதற்கும் இடையே பத்தே கால் உண்டு. மரத்தின் சாதி, நெல்லின் இனம், ஊரின் பெயர் போல்வன வகைகள். வேம்பிற்கும் புளிக்கும் நடுவே பாதி வேம்பும் பாதி புளியுமாக நிற்கும் மரம் ஒன்றுமில்லை. வேம்பை முன் எழுதிப் புளியைப் பின் எழுதினாலும், புளியை முன் எழுதி வேம்பைப் பின் எழுதினாலும் பொருள் மாறுவதில்லை. இதனால், வகைகளைக் கிடைக்கோட்டின்மேல் வரிசையாக நிறுத்திப் படம் வரையும்போது, ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்குக் கோடு இழுத்து இணைத்தல் கூடாது. இணைத்தால், வேம்பு மெல்ல மெல்லப் புளியாக மாறுகிறது என்று படம் பொய் கூறும்.

வகைகளை வரைவதற்கு உரிய கருவி பட்டை வரைபடம். அதனை நூலில் முதன்முதலாகச் சிறக்க வரைந்து காட்டியவர் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். நீராவிப் பொறியால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராகப் பணியாற்றியவர் அவர். 1786-ஆம் ஆண்டில், நாட்டின் வாணிகத்தைப் படங்களால் விளக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். இங்கிலாந்தின் வாணிகம் ஆண்டுதோறும் ஏறி இறங்கியதை வளைகோடுகளால் அதில் வரைந்தார். ஸ்காட்லாந்திற்கு வந்தபோதோ, அவர் கையில் இருந்தது 1780-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் தொடங்கி அடுத்த கிறிஸ்துமஸ் முடிய ஓராண்டுக் கணக்கு மட்டுமே. ஓர் ஆண்டைக் கொண்டு வளைகோடு வரைவது எங்ஙனம்? எனவே, ஸ்காட்லாந்து வாணிகம் செய்த 17 இடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வோர் இடத்திற்கும் இறக்குமதிக்கு ஒன்றும் ஏற்றுமதிக்கு ஒன்றுமாக இரண்டிரண்டு பட்டைகள் வரைந்தார். காலத்தைக் காட்டாத படமாதலின் அஃது ஏனையவற்றைவிடத் தாழ்ந்தது என்றே அவர் எண்ணினார். வேறு வழியின்றி அவர் வரைந்த அப்படமே இன்று உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகள் முதன்முதல் கற்கும் படமாக நிற்கின்றது.

பிளேஃபேரின் பட்டைகளில் ஒரு நேர்மை உண்டு. ஓர் இடத்திற்கு ஓராண்டில் சென்ற சரக்கின் மதிப்பு ஒரே ஓர் எண். அவ்வோர் எண்ணுக்கு ஒரு பட்டை. பட்டைக்குள் மறைந்து நிற்கும் வேறு எண் எதுவுமில்லை. பல எண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி கண்டு, அச்சராசரியைப் பட்டையாக வரையும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகின்றது. இனி மக்காச்சோளத்திற்கு வருவோம்.

சார்லஸ் டார்வின் என்னும் இயற்கை நூலறிஞர், இங்கிலாந்தில் கென்ட் பகுதியைச் சார்ந்த ஒரு சிற்றூரில் தம் இல்லத்துத் தோட்டத்திலேயே ஆராய்ச்சி நடத்தி வந்தார். ஒரு செடியின் பூந்தாது அச்செடியின் சூலையே சேர்ந்தால் அது தன் மகரந்தச் சேர்க்கை; வேறொரு செடியின் சூலைச் சேர்ந்தால் அஃது அயல் மகரந்தச் சேர்க்கை. இவ்விரண்டு வழிகளிலும் பிறந்த செடிகளுள் வலிமை மிக்கவை எவை என்பதே அவர் எழுப்பிய வினா. பத்தாண்டிற்கும் மேலாகப் பல்வேறு செடியினங்களை வளர்த்து அளந்து, 1876-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை ஒரு பெருநூலாக வெளியிட்டார்.

இவ்வினா அவருக்கு வெறும் தோட்டத்து வினா அன்று. 1839-ஆம் ஆண்டில் அவர் மணந்த எம்மா அம்மையார், அவருடைய அன்னையின் உடன்பிறந்தாருக்கு மகள். நம் நாட்டு வழக்கிற் கூறினால், மாமன் மகளாகிய முறைப்பெண்ணையே அவர் மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மக்கள் பதின்மருள் மூவர் இளமையிலேயே மாண்டனர். தந்தையின் உள்ளத்திற்கு மிகவும் உகந்தவளாயிருந்த ஆனி என்னும் சிறுமி 1851-ஆம் ஆண்டில் பத்து வயதில் இறந்தாள். நெருங்கிய உறவில் மணந்ததனால் மக்கள் நலம் குன்றியதோ என்னும் ஐயம் டார்வினை விடாது வருத்தி வந்தது. 1871-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், மணமக்கள் நெருங்கிய உறவினரா என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று, பாராளுமன்ற உறுப்பினராய் இருந்த தம் நண்பர் ஜான் லப்பக்கை வேண்டினார். பாராளுமன்றம் அதற்கு இசையவில்லை. பின்னர் அவர் மைந்தர் ஜார்ஜ் டார்வின் தாமே முயன்று இத்தகைய திருமணங்களைப் பற்றிக் கணக்குகள் திரட்டி 1875-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். மனிதரிடம் கேட்டறிய இயலாததைச் செடிகளிடம் கேட்பதற்கு யாருடைய இசைவும் வேண்டியதில்லை அன்றோ?

மக்காச்சோளச் சோதனையை அவர் நடத்திய முறை போற்றத்தக்கது. இருவகை விதைகளையும் ஈர மணலில் முளைக்க வைத்தார். ஒரே காலத்தில் முளைத்த விதைகளை, அயல் வழிப் பிறந்தது ஒன்றும் தன் வழிப் பிறந்தது ஒன்றுமாக இணை சேர்த்து, ஒரே தொட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் நட்டார். இவ்வாறு நான்கு பெரிய தொட்டிகளில் பதினைந்து இணைகள் வளர்ந்தன. மண்ணும் நீரும் வெயிலும் இணையின் இரு செடிகளுக்கும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. செடிகள் ஓரடிக்கும் இரண்டடிக்கும் இடைப்பட்டு வளர்ந்த காலத்தில், இலை நுனி வரை அளந்து எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை துல்லியமாகக் குறித்தார். எட்டில் ஒரு பங்கைத் தமிழர் அரைக்கால் என்பர். ஆதலின், அவர் குறித்த 20⅜ என்பதை, நம் பாட்டனார் காலத்துக் கணக்காயர் இருபதே காலே அரைக்கால் என்று தயங்காமல் படித்திருப்பார்.

அவ்வெண்கள் வருமாறு. ஒவ்வோர் இணையிலும் முன்னிற்பது அயல் வழிச் செடி, பின்னிற்பது தன் வழிச் செடி, அளவு அங்குலம்.

முதல் தொட்டி: 23½, 17⅜, 12, 20⅜, 21, 20.
இரண்டாம் தொட்டி: 22, 20, 19⅛, 18⅜, 21½, 18⅝.
மூன்றாம் தொட்டி: 22⅛, 18⅝, 20⅜, 15¼, 18¼, 16½, 21⅝, 18, 23¼, 16¼.
நான்காம் தொட்டி: 21, 18, 22⅛, 12¾, 23, 15½, 12, 18.

இவற்றைக் கூட்டிப் பதினைந்தால் வகுத்தால், அயல் வழிச் செடிகளின் சராசரி உயரம் 20.19 அங்குலம், தன் வழிச் செடிகளின் சராசரி 17.58 அங்குலம். அயல் வழிச் செடிக்கு 100 பங்கு உயரம் என்றால், தன் வழிச் செடிக்கு 87 பங்கு. இனி வரைகட்டத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குல உயரத்தை அரை சென்டிமீட்டராகக் கொண்டு இரண்டு பட்டைகள் வரையுங்கள். ஒன்று ஏறத்தாழ 10 சென்டிமீட்டரும் மற்றொன்று 8.8 சென்டிமீட்டரும் உயர்ந்து நிற்கும். வேற்றுமை உண்டு, ஆயினும் பெரிதன்று.

சிலர் இவ்வேற்றுமையை எடுப்பாகக் காட்ட விரும்பி, பட்டையின் அடியைச் சுழியில் வைக்காமல் 16-இல் வைத்துவிடுவர். அப்போது ஒரு பட்டை நான்கு அங்குலத்திற்கும் மற்றொன்று ஒன்றரை அங்குலத்திற்குமாக நின்று, முன்னது பின்னதைப்போல் இரண்டரை மடங்கிற்கும் மேற்பட்டதாகத் தோன்றும். பட்டை தன் நீளத்தாலேயே பேசுவது. அடியை வெட்டினால் அதன் பேச்சு பொய்யாகிவிடும். தேர்தற்காலத்து விளம்பரங்களிலும் பொருள் விற்போர் விளம்பரங்களிலும் அடி வெட்டிய பட்டைகளைக் காணலாம். அவற்றைக் கண்டால் முதலில் இடப்பக்கத்து அளவுகோல் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். புள்ளிகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. புள்ளி தான் நிற்கும் இடத்தால் பேசுவதேயன்றி நீளத்தால் பேசுவதன்று. ஆதலின் புள்ளிகள் மட்டும் உள்ள படத்தில் அளவுகோல் பத்தில் தொடங்கினும் குற்றமில்லை.

அடி சரியாக நிற்கும் பட்டைகளே ஆயினும் அவை நமக்கு எதனைச் சொல்லின? இரண்டு சராசரிகளைச் சொல்லின. முப்பது செடிகள் இருந்த இடத்தில் இரண்டு எண்கள் எஞ்சின. மற்றவற்றை மீட்க, அதே தாளில் பட்டைகளின்மேலேயே செடி ஒன்றுக்குப் புள்ளி ஒன்றாக இடுங்கள். இட்டு முடித்தவுடன் பட்டை சொல்லாத ஒரு செய்தி கண்ணில் தைக்கும். அயல் வழிச் செடிகளுள் பதின்மூன்று 18 அங்குலத்திற்கும் 24 அங்குலத்திற்கும் இடையே செறிந்து நிற்கின்றன. எஞ்சிய இரண்டு மட்டும் மிகத் தாழ்ந்து 12 அங்குலத்தில் கிடக்கின்றன. தன் வழிச் செடிகளுள்ளும் இவ்வளவு குட்டையானது இல்லை. அவற்றுள் மிகக் குறைந்ததே 12¾ அங்குலம். அயல் வழிச் செடியின் சராசரி 20.19 என்றோம். அந்தப் பதின்மூன்றின் சராசரி மட்டும் கண்டால் 21.45. ஆகவே 20.19 என்னும் எண், உயர்ந்த கூட்டத்தின் நடுவையும் காட்டவில்லை. தாழ்ந்த இரண்டின் நிலையையும் காட்டவில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட ஓர் இடத்தில் நிற்கின்றது.

அவ்விரண்டையும் நீக்கிவிட்டால் டார்வினின் கொள்கை இன்னும் பொலிவுறுமே என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அவர் நீக்கவில்லை. தம் கொள்கைக்கு மாறாக நின்ற இரண்டு செடிகளையும் மற்றவற்றோடு ஒப்ப அட்டவணையில் எழுதிவைத்தார். அதனாலன்றோ நூறாண்டு கடந்தும் அவர் எண்களை நாம் நம்பி எடுத்தாளுகின்றோம்!

புள்ளியிடும்போது ஓர் இடையூறு நேரும். அயல் வழிச் செடிகளுள் 12 அங்குலம் உடையன இரண்டு. 21 அங்குலம் உடையன இரண்டு. 22⅛ உடையனவும் இரண்டு. தன் வழிச் செடிகளுள் 18 அங்குலம் உடையன மூன்று. எல்லாப் புள்ளிகளையும் பட்டையின் நடுக்கோட்டிலேயே இட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அயல் வழிச் செடிகள் பதினைந்தும் பன்னிரண்டாய்த் தோன்றும். இதற்குப் பரிகாரம் எளிது. ஒத்த உயரமுள்ள புள்ளிகளைச் சற்றே இடமும் வலமுமாக நகர்த்தி இடுக. உயரத்தில் கடுகளவும் மாற்றம் கூடாது; பக்கவாட்டில் நகர்த்தலாம். வகைக்கு அகலம் என்பது ஒரு பொருளும் இல்லாத வெற்றிடம். அவ்வெற்றிடத்தை நாம் பயன்படுத்திக் கொள்ளுகிறோம். கணிப்பொறியால் படம் வரைவோர் இப்பக்கவாட்டு நகர்வைப் பொறியே செய்யுமாறு கட்டளையிடுகின்றனர்.

இனிப் பிழைக்கோடு என்பதைக் காண்போம். பட்டையின் தலையில் செங்குத்தாக நின்று, இரு முனைகளிலும் சிறு குறுக்குக்கோடு பெற்று விளங்குவது இது. பெயரைக் கண்டு மயங்குதல் வேண்டா. பிழை என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் குற்றம், தவறு என்று பொருள் கொள்ளுதல் வழக்கு. ஈண்டு யாரும் குற்றம் செய்திலர், கணக்கிலும் தவறில்லை. ஒரு செடியின் உயரம் மற்றொன்றின் உயரத்தினின்று விலகி நிற்றலும், பதினைந்து செடிகளைக் கொண்டு கண்ட சராசரி, எண்ணற்ற செடிகளை வளர்த்துக் காணக்கூடிய சராசரியினின்று விலகி நிற்றலுமே பிழை எனப்பட்டன. விலகல் என்றோ ஐயம் என்றோ பெயரிட்டிருப்பின் நன்றாயிருக்கும். ஆயினும் கலைச்சொல் வழக்கில் நிலைத்துவிட்டது. நாமும் அதனையே ஆள்வோம்.

இக்கோட்டின் நீளம் எதைக் குறிக்கின்றது? இங்கேதான் கற்றோரும் இடறுகின்றனர். ஒரே வடிவமுள்ள இக்கோடு மூன்று வேறு பொருள்களைத் தாங்கி வரும். முதலாவது, திட்ட விலக்கம். ஒவ்வொரு செடியும் சராசரியினின்று எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்டு, அவ்விலகல்களைத் தற்பெருக்கிக் கூட்டி, செடிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்து, வர்க்கமூலம் காண வருவது. அயல் வழிச் செடிகளுக்கு அது 3.62 அங்குலம், தன் வழிச் செடிகளுக்கு 2.05 அங்குலம். செடிகள் எவ்வளவு பரந்து நிற்கின்றன என்பதை இது காட்டும். அந்த இரண்டு குட்டைச் செடிகளையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 3.62 என்பது ஒன்றரை அங்குலமாகச் சுருங்கிவிடும். இரண்டே செடிகளுக்கு இத்துணை வலிமை!

இரண்டாவது, திட்டப் பிழை. திட்ட விலக்கத்தைச் செடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் இது கிடைக்கும். பதினைந்தின் வர்க்கமூலம் 3.87. ஆகவே அயல் வழிச் செடிகளுக்குத் திட்டப் பிழை 0.93 அங்குலம், தன் வழிச் செடிகளுக்கு 0.53 அங்குலம். இது செடிகளைப் பற்றிய செய்தி அன்று. சராசரியைப் பற்றிய செய்தி. நாம் கண்ட சராசரி எவ்வளவு உறுதியானது என்பதை உரைப்பது. பதினைந்திற்கு மாற்றாக ஆயிரத்தைந்நூறு செடிகளை வளர்த்திருந்தால், செடிகளின் பரப்பு ஏறத்தாழ அப்படியே இருக்கும். திட்டப் பிழையோ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துபோகும்.

மூன்றாவது, நம்பக எல்லை. திட்டப் பிழையை ஏறத்தாழ இருமடங்காக்கி, சராசரிக்கு மேலும் கீழும் வரைவது. பதினைந்து செடிகளுக்கு அம்மடங்கு 2.145. அதன்படி அயல் வழிச் செடிகளின் எல்லை 18.19 முதல் 22.19 வரை, தன் வழிச் செடிகளின் எல்லை 16.44 முதல் 18.71 வரை.

இம்மூன்றையும் முன் வரைந்த தாளில் புள்ளிகளின் அருகே வரைந்து பாருங்கள். அயல் வழிப் பட்டையின் தலையில் திட்டப் பிழைக்கோடு 19.26 முதல் 21.13 வரை நிற்கும். அக்கோட்டின் எல்லைக்குள் விழும் செடிகள் எத்தனை? எண்ணிப் பாருங்கள்: 20⅜, 21, 21 ஆகிய மூன்றே. பதினைந்தில் பன்னிரண்டு வெளியே நிற்கின்றன! செடிகள் எல்லாம் இக்கோட்டினுள் அடங்கும் என்று எண்ணிப் படத்தைப் பார்ப்பவன் எவ்வளவு ஏமாறுவான் என்பதை உணர்க. திட்ட விலக்கக் கோட்டை வரைந்தாலோ, அஃது 16.57 முதல் 23.81 வரை நீளும். ஆனால் அக்கூட்டத்தின் மிக உயர்ந்த செடியே 23½ அங்குலந்தான். ஒரு செடியும் எட்டாத உயரத்திற்குக் கோடு எழும்பி நிற்கின்றது. கீழே 12 அங்குலத்தில் கிடக்கும் இரண்டையும் அது தொடவுமில்லை. கோடு மேலும் கீழும் ஒத்த நீளம் உடையது. செடிகளோ கீழ்நோக்கி மட்டும் வழுவிக் கிடக்கின்றன. ஒருபுறம் சாய்ந்த கூட்டத்திற்கு இருபுறமும் ஒத்த கோடு பொருந்தாது.

படத்தின் அடியில் இக்கோடு இன்னது என்று ஒரு வரி எழுதாவிட்டால், பார்ப்பவர் தமக்கு வேண்டிய பொருளைத் தாமே கொள்வர். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதும் அறிஞர்களிடமே இத்தகைய கோடுகளைக் காட்டிப் பொருள் வினவினர். அவருள் பலர் தவறாகவே விடை கூறினர். இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் வேற்றுமை இல்லை என்றும், தொடாவிட்டால் வேற்றுமை உறுதி என்றும் கொள்வதே பலர் கையாளும் குறுக்கு வழி. நம் செடிகளையே பாருங்கள். திட்டப் பிழைக்கோடுகள் இரண்டும் தொடவில்லை. நம்பக எல்லைக்கோடுகளோ 18.19-க்கும் 18.71-க்கும் இடையே தொட்டுக்கொள்கின்றன. எண்கள் அவையே, வரைந்த கோடு மாறியது, குறுக்கு வழியாளனின் முடிவும் மாறிவிட்டது.

பட்டையும் அதன் தலைமேல் ஒற்றைப் பிழைக்கோடுமாக நிற்கும் படத்திற்கு மேலைநாட்டார் ஒரு நகைப்பெயர் இட்டுள்ளனர். பாறை பிளக்க வெடி வைப்போர், தொலைவில் நின்று அழுத்தும் பிடியமைந்த பெட்டியைப் போல் அது தோன்றுவதால் வெடிப்பெட்டிப் படம் என்பர். 2015-ஆம் ஆண்டில் டிரேசி வைஸ்கெர்பர் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் உடலியல் இதழ்களில் வந்த கட்டுரைகளை ஆராய்ந்து, மிகச் சிலவாகிய அளவுகளைக்கூடப் பெரும்பாலோர் பட்டைக்குள் மறைத்தே வரைகின்றனர் என்று எடுத்துக்காட்டினர். முற்றிலும் வேறுபட்ட புள்ளிக் கூட்டங்கள் ஒரே பட்டையையும் ஒரே கோட்டையும் தரக்கூடும் என்பது அவர் காட்டிய நெறி. எண்கள் சிலவாயின் புள்ளிகள் அனைத்தையும் காட்டுக என்பதே இன்று பல இதழாசிரியர் விதிக்கும் விதி. பதினைந்து புள்ளிகளுக்குத் தாளில் இடமா இல்லை? பதினாயிரம் புள்ளிகளாயின் அவை கரும்பூச்சாகிவிடும். அங்கே வேறு வகைப் படம் வேண்டும்.

டார்வின் தம் எண்களைத் தம் உறவினரும் கணக்கில் வல்லவருமான பிரான்சிஸ் கால்ட்டனிடம் அனுப்பி ஆராயுமாறு வேண்டினார். கால்ட்டன் ஒவ்வொரு வகையிலும் உள்ள செடிகளை உயரத்தின் வரிசைப்படி மாற்றி அடுக்கிப் பார்த்தார். பதினைந்து போதா, ஒவ்வொரு வகையிலும் ஐம்பது செடிகளேனும் வேண்டும் என்பது அவர் கருத்து. அவ்வாறு மாற்றி அடுக்கியதில் ஓர் இழப்பும் நேர்ந்தது. எந்தச் செடி எதற்கு இணையாக எத்தொட்டியில் நின்றது என்னும் செய்தி மறைந்துவிட்டது. டார்வின் அரும்பாடுபட்டு அமைத்த இணைப்பு பயனற்றுப் போயிற்று.

அவ்விணைப்பை மீண்டும் கையிலெடுத்தவர் ரொனால்டு ஃபிஷர். சோதனைகளை வகுத்தமைக்கும் முறை பற்றி 1935-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் இச்செடிகளை எடுத்தாண்டார். இணைக்கு இணை உயர வேற்றுமையைக் கண்டார். பதினைந்து வேற்றுமைகளின் சராசரி 2.62 அங்குலம், அதன் திட்டப் பிழை 1.22 அங்குலம். இருவகைச் செடிகளுக்கும் உண்மையில் வேற்றுமையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய வேற்றுமை தற்செயலாகவே நூற்றுக்கு ஐந்து முறைக்குச் சற்றுக் குறைவாகத் தோன்றக்கூடும் என்பது கணக்கு. வேற்றுமையின் நம்பக எல்லையை வரைந்தால், அதன் மேல்முனை 5.23 அங்குலத்தில் நிற்கும். கீழ்முனை சுழியைத் தொடாமல் மயிரிழை மேலே நிற்கும். அயல் வழிச் செடி உயர்ந்தது என்னும் முடிவிற்கு இம்முப்பது செடிகள் தரும் சான்று, பட்டைகளைக் கண்டு நாம் எண்ணியதைவிட மெலிந்தது என்பது இதனால் விளங்கும். டார்வின் இவ்வொரு சோதனையை மட்டும் நம்பி நின்றவர் அல்லர்; வேறு பல செடியினங்களிலும் சோதித்தே தம் முடிவை உரைத்தார்.

இணைகளையும் படத்தில் காட்ட வழி உண்டு. தாளின் இடப்பக்கத்தில் அயல் வழிச் செடிகளுக்குப் புள்ளிகள் இடுக. வலப்பக்கத்தில் தன் வழிச் செடிகளுக்கு இடுக. ஒவ்வோர் இணையின் இரு புள்ளிகளையும் மெல்லிய கோட்டால் இணைக்க. வகைகளைக் கோட்டால் இணைத்தல் ஆகாது என்று தொடக்கத்தில் கூறியதற்கு இது முரண் அன்றோ எனின், அன்று. அங்கே விலக்கியது, வேம்பு என்னும் வகையைப் புளி என்னும் வகையோடு இணைத்தலை. இங்கே இணைவன ஒரே நாளில் முளைத்து, ஒரே தொட்டியில் எதிரெதிரே நின்ற இரண்டு செடிகள். பதினைந்து கோடுகளுள் பதின்மூன்று இடமிருந்து வலமாகத் தாழ்ந்து இறங்கும். முதல் தொட்டியின் இரண்டாம் இணையும் நான்காம் தொட்டியின் கடைசி இணையும் மட்டும் செங்குத்தாக மேலேறி மற்றவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும். தொட்டிக்கு ஒரு வண்ணமாக நான்கு வண்ண மைகளால் கோடிட்டால், மூன்றாம் தொட்டியின் ஐந்து கோடுகளும் ஒன்றுபோல் இறங்குவதையும், இரண்டாம் தொட்டியின் மூன்று கோடுகளும் இறங்கியே செல்வதையும் காணலாம்.